கண்ணாடி ஹாலில் ஒரு கேமரா

கேமராவை மாட்டுவது பெரிய காரியமில்லை, எங்கே மாட்டுவது என்பதுதான் காரியம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வான் ஏணி. சொல்லிவிட்டு, "அதை எங்க வீட்டுக்காரிகிட்ட கேட்டுக்குங்க. நான் மேல ஏறுறவன், அவ்வளவுதான்" என்று சிரிப்பான். ஆள் நல்ல உயரம். பாதி நாள் ஏணி உச்சியில் நின்று, கூரைப் பலகையை நகர்த்தி, தலையை உள்ளே விட்டு ஒயர் இழுத்துக்கொண்டிருப்பான். தொழிலில் அவனுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவன் மனைவி கையில் அளவு நாடாவும் காதில் செருகிய பென்சிலுமாக முன்னால் நடந்து, சுவரில் புள்ளி வைத்துக்கொண்டே போவாள். அவளுக்குப் பெயர் ப்ளானக்கா.

இந்தத் தடவை வந்தது பெரிய வேலை. முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்த மாடிக் கட்டடத்தை உடற்பயிற்சி நிலையமாக மாற்றியிருந்தார்கள். கீழே ஓடுகிற மெஷின்கள். அதற்கு மேலே இரும்பு எடைகள். அங்கே ஒரு தடியர் எடையைத் தூக்கும்போதெல்லாம் பிரசவ வார்டில் கேட்கிற மாதிரி சத்தம் வரும். உச்சியில் நாலு சுவரும் கண்ணாடி பதித்த ஹால். பின்னால் நீச்சல் குளம். லாக்கரில் வைத்த செல்போன்கள் காணாமல் போகத் தொடங்கியதும், இண்டு இடுக்கு விடாமல் கேமரா போட்டுவிட வேண்டும் என்று மேனேஜரம்மா முடிவு செய்தாள். அவளிடம் சொல்லி இந்த வேலையை வாங்கித் தந்தது சின்னவள்.

சின்னவள் ஏணியின் தங்கை. முப்பதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். கண்ணாடி ஹாலில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். போன மழைக்காலத்தில் ஒரு காலை, கட்டிய புருஷனை விட்டுவிட்டு, காலில் செருப்புகூட இல்லாமல் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியவள் இன்னும் திரும்பிப் போகவில்லை.

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ப்ளானக்கா முதலில் கெட்டவனாக நடந்து பார்ப்பாள். எங்கே ஒளியலாம், எந்தத் தூண் மறைக்கும், எந்த வாசலில் நின்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்புறம்தான் பென்சில் காதை விட்டு இறங்கும். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தாள். வகுப்பு முடிந்திருந்ததால் சின்னவளும் கூட வந்தாள்.

"குளத்துப் பக்கம் கேமராவைக் கொஞ்சம் தள்ளித்தான் வைக்கணும். இந்த ஈரத்துக்கும் மருந்துக்கும் கண்ணு பூத்துப்போயிடும்" என்றாள் ப்ளானக்கா. துணி மாற்றும் அறையின் வாசலைப் பார்த்து ஒரு புள்ளி வைத்தாள். "இங்க யாரு வர்றா போறான்னு மட்டும் தெரியணும். கதவு தொறந்தாலும் உள்ள ஒரு இம்மி தெரியக் கூடாது."

"அதுல நீங்க கறார்தான் அண்ணி."

"பின்ன? நாம மாட்டுற கண்ணு. நாமதானே பதில் சொல்லணும்."

கண்ணாடி ஹாலுக்கு வந்ததும் ப்ளானக்கா உதட்டைப் பிதுக்கினாள். கண்ணாடி அவள் தொழிலுக்கு விரோதி. ஜன்னல் வெளிச்சம் ஒன்றுக்கு நாலாகத் திரும்பி வந்து படத்தைக் கெடுத்துவிடும். சின்னவள் பழக்கத்தில் மூலையில் போய் நின்றுகொண்டாள்.

"ஏன்டி, பாடம் நடத்துறவ நடுவுல நிக்க வேண்டாமா? மூலையில போய் நிக்கிற?"

"இங்க நின்னா ரெண்டு கதவும் கண்ணாடியில தெரியும் அண்ணி."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ப்ளானக்கா திரும்பி இரண்டு கதவையும் பார்த்தாள்.

அப்புறம் சின்னவள் முன்னால் நடக்க, ப்ளானக்கா பின்னால் போனாள். இந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ் இருக்கிறது. அந்தக் கதவுக்கு இருக்கிறது, ஆனால் விழாது. பின்படிக்கட்டில் இறங்கினால் மோட்டார் அறை. இரும்புக் கதவு, உள்ளே பூட்டிக்கொண்டால் யாரும் உடைக்க முடியாது. கெட்டவனாக நடந்து ப்ளானக்கா பார்த்துவைத்ததை எல்லாம், ஓடுகிறவளாக நடந்து சின்னவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள்.

மோட்டார் உறுமிக்கொண்டிருந்த அந்த அறையில் நின்று ப்ளானக்கா கேட்டாள். "அவ்வளவு பயமாடி உனக்கு?"

"அவர் கத்தியிருந்தா பயம் இருந்திருக்காது அண்ணி. கத்தவே மாட்டார். அன்னிக்கும் சட்டை தேய்ச்சுட்டுத்தான் இருந்தார். கிட்ட வான்னார். போனேன். பின்னலைப் புடிச்சுக்கிட்டு இஸ்திரிப்பெட்டியைக் கன்னத்துக்கிட்ட கொண்டாந்தார். படல. சூடு மட்டும் அடிச்சுது. 'இந்த முகம் இருக்கறதாலதானே நாலு பேர் பாக்கறான்'னு சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா? காபி ஆறிப்போச்சுன்னு சொல்ற மாதிரி."

இதை அவள் அண்ணனிடமும் சொல்லியிருந்தாள். ஏணி கேட்டு, தலையைச் சொறிந்து, "தழும்பு ஒண்ணும் இல்லியேம்மா" என்றான். குத்தலாகக் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. மாப்பிள்ளை அவனைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறவர். பீடி சிகரெட் கிடையாது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்லை.

அன்று பொழுது சாய, சின்னவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஏணி அடுப்படிக்கு வந்தான்.

"மாப்பிள்ளை நம்ம கடைக்கு வந்தாரு."

ப்ளானக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"எதுக்குன்னா? கட்டுன பொண்டாட்டியைப் பத்திக் கேக்க வேண்டாமா மனுஷன்? உக்காந்து அழுதாருடி. ஒரு ஆம்பள அப்படி அழுது நான் பாத்ததில்ல."

"வெங்காயம் நறுக்குனா நானும்தான் அழுறேன்."

"உனக்கு எல்லாம் விளையாட்டு. குடியில்ல, சீட்டு இல்ல, கை நீட்டினதில்ல. ஏதோ ஒரு கோபத்துல அன்னிக்கு..."

"கோபப்படாமதானே செஞ்சான்? அதைத்தானே அவ தலைபாடா அடிச்சுக்கறா! கோபம் வந்தா தணியுங்க. இது தணியுற சமாச்சாரமா?"

"சரி, விடு. நீ ஒண்ணு."

"அவ எங்க வேலை பாக்கறான்னு சொன்னீங்களா?"

"ச்சே, நான் ஏன் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஏணி தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். அவன் சொன்னது உண்மைதான். கடைசிவரை வாயால் அவன் சொல்லவில்லை.

மறுநாள் காலை, கண்ணாடி ஹாலில் ஒத்திகைக்காக ஒரு கேமராவை மாட்டினார்கள். கழுத்தைத் திருப்புகிற வகை. போனில் விரலை நகர்த்தினால் அந்தப் பக்கம் திரும்பும், பேச்சையும் கேட்கும். வெயில் ஏறி இறங்குகிற வரை ஓடவிட்டுப் பார்த்து, கண் கூசுகிறதா என்று தெரிந்துகொண்டால் மற்றதை முடிவு செய்யலாம் என்பது ப்ளானக்காவின் கணக்கு. ஏணி ஹாலுக்கு வெளியே மாடி நடைபாதையில் ஏணியைப் போட்டு ஏறிவிட்டான். வகுப்பு முடிந்து பெண்கள் வியர்வையோடும் சிரிப்போடும் இறங்கிப் போனார்கள். சின்னவள் பாய்களைச் சுருட்டத் தொடங்கினாள். ப்ளானக்கா ஜன்னல் திரையை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

க்ர்ர் என்று ஒரு சின்னச் சத்தம். கேமரா திரும்பியது.

சின்னவள் இடது பக்கம் போனாள். கேமராவும் இடது பக்கம் போனது. குனிந்தாள். அது தாழ்ந்தது. பாயை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு நடந்தாள். நிழல் மாதிரி கூடவே போய், அவள் முகத்தில் நின்றது.

இந்த மனுஷனுக்கு வேலை நேரத்தில் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ப்ளானக்கா அவனைப் போனில் கூப்பிட்டாள். மணி அடிக்கிற சத்தம் கதவுக்கு வெளியிலேயே கேட்டது. "இருடி! ரெண்டு கையும் மேல மாட்டியிருக்கு, எங்க எடுக்கறது!" என்று கூரைக்குள்ளிருந்து அவன் கத்தினான்.

அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே கேமரா மறுபடியும் திரும்பியது.

ப்ளானக்கா தன் போனில் படத்தைத் திறந்தாள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஓரத்தில் கண் அடையாளத்துக்குப் பக்கத்தில் காட்டும். ஒன்று என்று இருக்க வேண்டும். இரண்டு என்று இருந்தது.

 சின்னவளைக் கூப்பிட வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். அது கேட்கும். முகம் மாறினாலும் பார்க்கும். கைக்குக் கிடைத்த அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "அண்ணன் என்ன பண்றாருன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். 

மேலே நின்ற புருஷனின் காலைப் பிடித்து உலுக்கினாள். "யாருக்குக் குடுத்தீங்க பாஸ்வேர்டு?"

அவன் தலை கூரைக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது. தலைமுடியெல்லாம் தூசி.

"அது வந்து..."

"யாருக்கு?"

"ஒரே ஒரு தடவ முகத்தைக் காட்டுங்க மச்சான்னு கெஞ்சினாருடி. நல்லா இருக்கான்னு பாத்துட்டுப் போயிடறேன், தொந்தரவே பண்ணமாட்டேன்னாரு. எடம் ஒண்ணும் சொல்லல நான். வெறும் படம்தானேன்னு காலையில..."

"ஹால் கண்ணாடி மேல இந்த ஜிம் பேரு ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கே, அது படத்துல வராதா?"

ஏணி இறங்கினான். பாதியிலேயே கைப்பிடி தவறிச் சறுக்கி இறங்கினான். "இப்பவே ஆஃப் பண்ணிடறேன்" என்று போனை எடுத்தான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. படம் நின்னா அவனுக்குத் தெரிஞ்சுபோயிடும். படம் ஓடுற வரைக்கும்தான் உக்காந்த எடத்துல உக்காந்திருப்பான். கண்கொத்திப் பாம்புக்கு நாமளே கண்ணை வாடகைக்கு விட்டிருக்கோம்."

நடைபாதை ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். வெயிலில் கார்கள் நின்றன. கடைசி வரிசையில், வேலை செய்கிறவர்கள் வெளியே வருகிற சின்னக் கேட்டைப் பார்த்தபடி, ஸ்டீயரிங்கில் வெள்ளைத் துவாலை போர்த்திய கார் ஒன்று. சின்னவள் கல்யாணமான புதிதில் அந்தக் காரின் முன்னால் நின்றுதான் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"வந்தே சேந்துட்டான்" என்றாள்.  "நீங்க மேனேஜரம்மாகிட்ட ஓடுங்க. போலீஸுக்குச் சொல்லச் சொல்லுங்க. கீழ மட்டும் போகாதீங்க. போனா நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

திரும்பி ஹாலுக்குள் வந்து, வகுப்புக்குப் போடுகிற பாட்டைப் பெரிதாக வைத்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு பாயின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு சின்னவளை மறுமுனைக்குக் கூப்பிட்டாள். மடிக்கும்போது தலைகள் கிட்டே வந்தன.

"மேல பாக்காத. சிரிச்ச மாதிரி இரு."

"தெரியும் அண்ணி" என்றாள் சின்னவள். உதடு அசையவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. "அது என்னைத்தான் பாக்குது. கண்ணாடியில அப்பவே பாத்தேன். எங்க இருக்கார்?"

"கீழ. கார்ல."

"என்னைத் தேடி வந்துட்டாரா?"

"பேசாத. தண்ணி பாட்டிலை மட்டும் எடுத்துக்க. பை கிடக்கட்டும், செருப்பு கிடக்கட்டும். தண்ணி புடிக்கப் போற மாதிரி போ. பின்படிக்கட்டு, மோட்டார் ரூம். என் குரல் கேக்காம தொறக்காத. யாரு கூப்பிட்டாலும், உங்க அண்ணனே கூப்பிட்டாலும்."

சின்னவள் பாட்டிலை எடுத்தாள். அது காலியாக இருந்தது. அதைக் கவிழ்த்துக் காட்டி, அண்ணியைப் பார்த்து முகம் சுளித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அந்த முகத்தில் வைக்க அவள் என்ன பாடுபட்டாள் என்று ப்ளானக்காவுக்கு மட்டும் தெரியும். வெறுங்காலோடு வெளியே நடந்தாள். ஓடவில்லை.

கேமரா அவள் கூடவே போய்க் கதவில் நின்றது.

ப்ளானக்கா தனியாக அந்த ஹாலில் பாய்களை மடித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடியில் அவளே நின்றாள், அவளுக்குப் பின்னால் அந்தக் கறுப்புக் கண்ணும் நின்றது. பாட்டைக் கொஞ்சம் குறைத்தாள். "என்னடி, தண்ணி புடிக்கக் கிணறு தோண்டுறியா? சீக்கிரம் வா, பாயெல்லாம் அப்படியே கிடக்கு!" என்று கதவைப் பார்த்துச் சத்தம் போட்டாள். பதில் வராத கதவிடம், "ஆமாமா, நீ சொல்லுவ" என்று சிரித்தாள். 

கேமரா கதவைப் பார்த்தது. அப்புறம் அவளைப் பார்த்தது. பையைப் பார்த்தது. செருப்பைப் பார்த்தது. திரும்பக் கதவு. ஆளைத் தொலைத்தவன் கூட்டத்தில் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுகிற மாதிரி, வரவர வேகமாக. க்ர்ர், க்ர்ர். கடைசியில் நேராக அவள் முகத்துக்கு வந்து, நின்றது. அவள் கையிலிருந்த பாய் நழுவிப் பிரிந்தது. இவ்வளவு நேரம் அந்த ஆளைப் பற்றிச் சின்னவள் சொன்னதைத்தான் அவள் நம்பியிருந்தாள். அந்தப் பார்வை எப்படியிருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

கேமரா அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ப்ளானக்கா போனைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று என்று இருந்தது.

அவன் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

நடைபாதை ஜன்னலுக்கு ஓடினாள். கீழே காரின் கதவு பாதி திறந்திருந்தது. அந்தக் கதவருகே, போகாதே என்று அவள் சொன்ன மனுஷன் நின்றுகொண்டிருந்தான். குனிந்து ஏதோ பேசினான். மேலிருந்து பார்க்க, மாப்பிள்ளையும் மச்சானும் குசலம் விசாரிப்பது போலத்தான் இருந்தது. திடீரென்று ஏணி கதவை அறைந்து மூடி, அதன்மேல் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தான். கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டான். பிறகு அவன் வாய் திறந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை.

அவள் படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. நடந்ததை அப்புறம் ஏணி சொல்லித்தான் தெரிந்தது. மேனேஜரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவனுக்கு மனசு கேட்கவில்லை. நாம் செய்த தப்பு, நாமே பேசி அனுப்பிவிடலாம், மாப்பிள்ளை சொன்னால் கேட்பார் என்று நினைத்து இறங்கிப் போனான். கிட்டே போனதும் மாப்பிள்ளை வழக்கம்போல் மரியாதையாகத்தான் சிரித்தார். "எங்க மச்சான் போனா அவ? பை மட்டும் கிடக்கு" என்றார். அவர் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து காரமான நெடி ஒன்று ஏணியின் மூக்கில் ஏறியது. பேட்டரிகளோடு மாரடிக்கிறவனுக்கு அந்த நெடியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் முழங்கால்களுக்கு நடுவில் அகல வாய்ப் பாட்டில் ஒன்று, மூடி இல்லாமல்.

"அவ அன்னிக்கு சொன்னது அப்பத்தான் என் காதுல விழுந்துச்சு" என்றான் ஏணி.

அவன் யோசிக்கவில்லை. கதவை மூடி முதுகால் அழுத்திக்கொண்டு கத்தினான். திறந்திருந்த கார் ஜன்னல் வழியாக ஆசிட் வந்தது. வலது கையிலும் தோளிலும் கொட்டியது. அப்போதும் அவன் நகரவில்லை. வாட்ச்மேன் ஓடிவந்தார். எடை தூக்கும்போது முனகுகிற தடியர் வியர்வைப் பனியனோடு ஓடிவந்து, மறுபக்கக் கதவு வழியாக இறங்கி ஓடப்பார்த்த மாப்பிள்ளையைத் தரையில் அமுக்கி மேலே உட்கார்ந்துகொண்டார். ப்ளானக்கா போய்ச் சேர்ந்தபோது மேனேஜரம்மா செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயை ஏணியின் மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். "நிறுத்தாதீங்க, ஊத்துங்க, ஊத்திக்கிட்டே இருங்க" என்று யாரோ சொன்னார்கள். ஏணி நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டே, "சின்னது எங்க? சின்னது எங்க?" என்று கேட்டான்.

தரையில் கிடந்தவர் தடியருக்கு அடியிலிருந்து, கொஞ்சமும் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "கொஞ்சம் எந்திரிங்க சார். மூச்சு விட முடியல. இது எங்க குடும்ப விஷயம்."

ப்ளானக்கா மோட்டார் அறைக்கு ஓடினாள். இரும்புக் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். மோட்டார் சத்தத்தில் குரல் உள்ளே போகவில்லை; கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்திய பிறகுதான் போனது. தாழ் விலகியபோது சின்னவள் காலிப் பாட்டிலை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதை அவள் கையிலிருந்து பிரிக்க முடியவில்லை.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஏணி வீட்டுக்கு வந்தான். விரல்களிலிருந்து தோள் வரை கட்டு. தோல் ஒட்ட வைக்க வேண்டும், மறுபடி வர வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை ஜெயிலில் இருந்தார். அவரை ஜாமீனில் எடுக்க அவருடைய அண்ணன் அலைந்துகொண்டிருக்கிறார் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னார்கள். எத்தனை நாளில் வெளியே வருவார் என்று ப்ளானக்கா கேட்டதற்கு, "சொல்ல முடியாதும்மா, ஜாக்கிரதையா இருங்க" என்பதுதான் பதில். அன்றிலிருந்து வீட்டில் கதவுத் தாழை ஒருவர் போட்டால், மற்றவரும் வந்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சின்னவள் அண்ணனோடு பேசவில்லை. கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் ஏணி இடது கையால் கஞ்சியைக் குடிக்கப் பார்த்து மேலெல்லாம் சிந்திக்கொண்டான். ப்ளானக்கா எழுவதற்குள் சின்னவள் வந்து எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு ஸ்பூன் எடுத்து, ஊதி, நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. கண்ணிலிருந்து தாரையாக வடிந்தது.

"தெரியாம செஞ்சுட்டேன்மா."

"தெரியாமயா?" சின்னவளின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் சொன்னேனே அண்ணா. ஒண்ணு விடாம சொன்னேனே. அன்னிக்கே உனக்குத் தெரியும். நம்பத்தான் இல்ல."

 அப்போது வாசலில் மணி அடித்தது.

 ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. ப்ளானக்கா சுவரோரமாகப் போய்க் கதவு இடுக்கில் கண்ணை வைத்தாள். 

"மேனேஜரம்மா" என்றாள், மூச்சை விட்டு. "உன் பையும் செருப்பும் கொண்டாந்திருக்காங்க. ஏங்க, ஒரு நிமிஷம் இருங்க, தாழ் எடுக்கறேன்!"

சின்னவள் நீட்டியிருந்த ஸ்பூனில் இருந்தது பாதி சிந்திவிட்டிருந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டு, மறுபடி கிண்ணத்தில் தோய்த்து எடுத்தாள்.

"அழாத அண்ணா. ஆறிப்போகுது. வாயைத் திற."

அவன் திறந்தான்.